ஜன்னல் கட்டையில் நாலு பல்

"கனிவான கவனத்திற்கு!" என்றார் அறிவிப்பாளர்.

ரயில் நிலையத்தில் இந்தக் குரல் கேட்டால் ஆயிரம் பேர் அப்படியே நிற்பார்கள். மூட்டை தூக்குகிறவர் மூட்டையோடு நிற்பார், டீ குடிக்கிறவர் வாய் நிறைய டீயோடு நிற்பார். பதினெட்டு வருஷமாக வண்டி வருகிறது, வண்டி போகிறது, வண்டி இன்றைக்கு வராது என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருக்கிற குரல் அது. வீட்டில் மட்டும் அதற்கு ஐந்து காசு மரியாதை கிடையாது.

அந்த நேரம் கூடத்தில் இருந்தது இரண்டே பேர். ஒருத்தி அவர் மனைவி, துணி மடித்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி ஒன்றரை வயது மகள், மடித்த துணியைக் கலைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருமே திரும்பிப் பார்க்கவில்லை.

"இந்த வீட்டின் தெருப்பக்க ஜன்னலை, இன்று முதல், எவரும், எக்காரணம் கொண்டும், கழற்றவோ மாற்றவோ கூடாது என்று தெரிவித்துக்கொள்ளப்படுகிறது!"

"முடிஞ்சுதா?" என்றாள் மனைவி.

"முடிஞ்சுது."

"அந்தச் சின்னத் துண்டை இப்படி எடுங்க."

எடுத்துக் கொடுத்தார். வேறென்ன செய்வார்?

ஆனால் சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்கு அவர் பயந்துபோயிருந்தது நிஜம். காலையில்தான் குழந்தைகள் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். பழைய வீடுகளில் வளர்கிற குழந்தைகளுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது அந்த அம்மாவின் வழக்கம். கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துப் பிறந்த ஒரே மகள். போன வாரம் ஊசி குத்தி ரத்தம் எடுத்தபோது குழந்தை அழவில்லை, இவர்தான் அழுதார்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வீடு எத்தனை வருஷத்து வீடு?"

"எங்க தாத்தா கட்டினது டாக்டர்!" என்று நெஞ்சை நிமிர்த்தினார் நம்ம ஆள். இதுவரைக்கும் அதைக் கேட்டவர்கள் எல்லாரும் 'அட!' என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். டாக்டரம்மா முகத்தைச் சுளித்தார்.

"குழந்தை ரத்தத்துல ஈயம் இருக்கு. ரொம்ப இல்ல. ஆனா இதுல கொஞ்சம்கூட இருக்கக் கூடாது. அந்தக் காலத்துப் பெயிண்ட்ல ஈயம் கலப்பாங்க. உங்க வீட்டுல கதவு, ஜன்னல் எங்கயாவது பெயிண்ட் உரியுதா?"

"ஜன்னல்" என்றாள் மனைவி, கண் இமைக்காமல்.

"அதான். உரிஞ்சு விழற சில்லு மட்டும் இல்லம்மா. திறந்து மூடும்போது உரசி உரசித் தூசி உதிரும். கண்ணுக்கே தெரியாது. குழந்தை தரையில விளையாடுது, கையை வாயில வைக்குது. அவ்வளவுதான், உள்ள போயிடும்."

"இவ நல்லாத்தானே இருக்கா டாக்டர்? ஓடறா, சிரிக்கறா, என்னைக் கடிக்கறா..."

"வெளியில ஒண்ணும் தெரியாது சார். அதுதான் இதுல பயமே. மூளை வளர்ற வயசு. படிப்பு, கவனம், பேச்சு எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா கை வைக்கும். போனது திரும்பாது. ஆனா நாம சீக்கிரம் பாத்துட்டோம். வீட்டைச் சரி பண்ணுங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் எடுப்போம்."

வழியெல்லாம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, அதன் முதுகைத் தடவிக்கொண்டே வந்தார். அவருக்குப் பேச்சே வரவில்லை. அறிவிப்பாளருக்கே பேச்சு வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி முதல் வேலையாக ஜன்னலடியில் கிடந்த பெஞ்சை இழுத்துச் சுவரோரம் போட்டாள். கையுறை மாட்டிக்கொண்டு, ஈரத்துணியால் கட்டையை, தரையை, பொம்மைகளையெல்லாம் துடைத்தாள். அந்தத் துணியை மூட்டை கட்டி வெளியே போட்டாள். ஜன்னல் கட்டையின் ஓரத்தில் எதையோ வைத்து அழுத்தினாள், எடுத்தாள். அப்புறம் மேலிருந்து கீழ்வரை கெட்டி பிளாஸ்டிக் விரிப்பை வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டிவிட்டாள். ஜன்னலுக்கு ஆபரேஷன் ஆன மாதிரி இருந்தது.

"இது இப்போதைக்கு. அடுத்த வாரம் ஜன்னலையே மாத்திடணும்" என்றாள்.

அப்போதுதான் இவருக்குப் பேச்சு திரும்பி வந்தது. மேலே பார்த்தோமே, அந்த அறிவிப்பு.

அந்த ஜன்னலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், ஒரு மரக்கட்டைக்காகப் பெற்ற பிள்ளையைப் பணயம் வைக்கிறானே படுபாவி என்று நீங்கள் அவரைத் திட்டுவீர்கள்.

ஆள் உட்காருகிற மாதிரி அகலமான ஜன்னல். வருஷா வருஷம் பள்ளிக்கூட லீவில் அவருடைய அப்பா அதற்குப் பெயிண்ட் அடிப்பார். ஒரு வருஷம் பச்சை, ஒரு வருஷம் நீலம், ஒரு வருஷம் ஆபீசில் மிச்சமான ஏதோ ஒரு கலர். சட்டையைக் கழற்றிவிட்டு, பழைய லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பீடியை ஒரு காதிலும் பென்சிலை ஒரு காதிலும் செருகிக்கொண்டு அடிப்பார். அந்தப் பெயிண்ட் வாசனை வந்தால் லீவு வந்துவிட்டது என்று அர்த்தம். காய்கிற வரைக்கும் தொடக் கூடாது. தொட்டால் அடி. தொடாமல் இருக்க முடியுமா? புறங்கையால் தொட்டுப் பார்ப்பார்கள், பிள்ளைகள். இன்றைக்கும் அந்தக் கட்டையில் ஓரம் பெயர்ந்த இடத்தில் பார்த்தால் அப்பாவின் இருபது லீவும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியும்.

அந்தக் கட்டையின் ஓரத்தில் நாலு பல் தடம் இருந்தது. வரிசையாக, ஆழமாக.

"இது என் சின்னவன் கடிச்சது. ஒன்றரை வயசுல!" என்று அவருடைய அம்மா வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாள். அதற்கு ஒரு முத்தம் வேறு. தெருவே அவரை 'ஜன்னல்' என்று கூப்பிட ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் ஜன்னல். கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான் வேறு பெயர் போட்டார்கள். அம்மாவும் போய்விட்டாள், அப்பாவும் போய்விட்டார். அந்தப் பல் தடத்தில் விரலை வைத்தால், அம்மா பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும் அவருக்கு. இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொன்னதில்லை.

"நான் கடிச்சு வளந்த ஜன்னல் அது!" என்றார் மனைவியிடம். "எனக்கு என்ன ஆச்சு?"

மனைவி மடிப்பதை நிறுத்தினாள். அவரை உச்சியிலிருந்து பாதம் வரைக்கும் ஒரு தடவை பார்த்தாள். தலையில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை அவர் அரைமணி நேரமாகத் தேடிக்கொண்டிருந்தார். காலில் ஒன்று கறுப்புச் செருப்பு, ஒன்று பழுப்பு. போன மாசம்தான், ஐந்தே பிளாட்பாரம் உள்ள நிலையத்தில், வண்டி ஆறாவது பிளாட்பாரத்துக்கு வரும் என்று அறிவித்து மெமோ வாங்கியிருந்தார்.

"ஒண்ணும் ஆகலேங்கறீங்க?"

"ஒண்ணும் ஆகலே."

"சரி" என்றாள்.

பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் அவருக்குத் தெரியும். அவள் கத்தினால் பயமில்லை. அழுதாலும் சமாளித்துவிடலாம். இந்தச் 'சரி' இருக்கிறதே, அதுதான் ஆளை விழுங்கிவிடும்.

ஆகவே அவர் திட்டம் போட்டார். புதன்கிழமை அவருக்கு வார விடுமுறை. மனைவி வேலைக்குப் போய்விடுவாள், குழந்தை காப்பகத்துக்குப் போய்விடும். ஜன்னலை ஏன் கழற்ற வேண்டும்? விஷம் பெயிண்டில்தானே? உப்புத்தாளைப் போட்டு அத்தனை பெயிண்டையும் தேய்த்து எடுத்துவிட்டால்? பல் தடத்தை மட்டும் விட்டுவிடலாம். குழந்தையும் பிழைத்தது, ஜன்னலும் பிழைத்தது. 'எப்படிங்க உங்களுக்கு இப்படியெல்லாம் தோணுது?' என்று மனைவி வாயைப் பிளக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

இங்கேதான் ஒரு விஷயத்தை அவர் மறந்துவிட்டார். அவர் மனைவி பல் செட் செய்கிறவள்.

கடைத்தெருவில் இருக்கிற பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில்தான் அவளுக்கு வேலை. டாக்டர் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். அவள் அதில் கரைத்த ஜிப்சம் மாவை ஊற்றி, காயவைத்து, ராவி, கடித்துப் பொருந்துகிற மாதிரி பல் செய்து கொடுப்பாள். ஊரில் பாதி வாய் அவள் கைவேலை. முகத்தை மறந்தாலும் பல்லை மறக்க மாட்டாள். "அதோ போறாரே, கீழ்வரிசை ரெண்டாவது பல் சாய்ஞ்சவரு" என்றுதான் ஆளை அடையாளம் சொல்வாள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஹார்டுவேர் கடையில் போய் நின்றார்.

"அண்ணே, உப்புத்தாள் பத்து கொடுங்க. முரடா இருக்கறது."

கடைக்காரர் அவரைப் பார்த்தார். "எதுக்கு தம்பி?"

"சும்மா, வீட்டுல ஒரு ஸ்டூல் இருக்கு."

"இருங்க" என்று உள்ளே போனார். உள்ளே போன் எண்களை அழுத்துகிற சத்தம் கேட்டது. 'ஆமாம்மா... ஆமாம்மா... இங்கதாம்மா நிக்கறாரு' என்று மெல்லிய குரல் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு வாளியும், இரண்டு ஸ்பாஞ்சும், ஒரு டப்பா சோப்புத்தூளும் இருந்தன.

"உப்புத்தாள் தீந்து போச்சு தம்பி."

அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு அலமாரி முழுக்க உப்புத்தாள்.

"அப்ப அது என்னண்ணே?"

"அது விக்கறதுக்கு இல்ல."

"பின்ன?"

"பாக்கறதுக்கு."

"அண்ணே!"

"கோவிச்சுக்காதீங்க தம்பி" என்று கடைக்காரர் வாயைத் திறந்து காட்டினார். மேலே பதினாலு, கீழே பதினாலு, பளீரென்று இருந்தன. "இன்னைக்கு நான் வேர்க்கடலையைக் கடிச்சுத் திங்கறேன்னா உங்க வீட்டம்மா புண்ணியம். உப்புத்தாள் கொடுக்கக் கூடாதுன்னு திங்கட்கிழமையே சொல்லிட்டாங்க. ஸ்பாஞ்சு கொண்டு போங்க. தினம் ஈரமாத் துடைக்கச் சொன்னாங்க."

வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்தபடியாகப் பெயிண்டர் வீட்டுக்குப் போனார். பெயிண்டர் அவரோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர், பந்துக்காக அந்த ஜன்னலில் ஏறிக் குதித்தவர். நம்மைவிட இவனுக்குத்தான் அந்த ஜன்னலின் அருமை தெரியும் என்று நம்பிப் போனார்.

"டேய் ஜன்னலு, வா வா! என்ன வாளியும் கையுமா?"

விஷயத்தைச் சொன்னார். பெயிண்டர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"உனக்கு மூளை இருக்காடா? காஞ்ச பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பியா? இப்ப ஜன்னல்ல மட்டும் இருக்கற விஷம் அப்புறம் பாயில இருக்கும், தலையணையில இருக்கும், உன் சட்டையில இருக்கும். நீ சாயந்தரம் அந்தச் சட்டையோட பிள்ளையைத் தூக்குவே."

பெயிண்டர் விடவில்லை.

"நான் இதுக்குன்னு தனியாப் பயிற்சி எடுத்தவன்டா. வீட்டுல யாரும் இருக்கக் கூடாது. தரை பூரா விரிப்புப் போடணும். தண்ணி தெளிச்சு ஈரமா வச்சுக்கிட்டே ஜன்னலை முழுசாக் கழட்டி, சுத்திக் கட்டி எடுத்துட்டுப் போகணும். அப்புறம் ரெண்டு தடவை ஈரத்துடைப்பு. இப்படித்தான் இதைச் செய்யணும். நீ பாட்டுக்கு உப்புத்தாளோட உக்காந்திருந்தேன்னா..."

அவர் வாளியைக் கீழே வைத்தார். இன்றைக்குச் சாயந்தரம் மகள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டிருப்பாளே, நான் தூக்கியிருப்பேனே என்று நினைத்தார். சொந்தக் கையால் பிள்ளைக்கு விஷம் ஊட்டப் போனேனே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

"சரி விடு, ஒண்ணும் ஆகலையே" என்று பெயிண்டர் தோளில் தட்டினார். "உப்புத்தாள்தான் உனக்குக் கிடைக்காதே."

"அது உனக்கெப்படித் தெரியும்?"

பெயிண்டர் உதட்டை விலக்கிக் கடைவாய்ப் பல்லைக் காட்டினார். "போன வருஷம் வச்சது. உன் பொண்டாட்டி கைவேலை. என்னமாப் பொருந்தியிருக்கு பாரு."

பயம் வந்ததோடு ஆசையும் போய்விட்டால் மனுஷனுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. வீட்டுக்கு வந்து, ஸ்பாஞ்சால் தரையை ஒழுங்காகத் துடைத்தார். பிளாஸ்டிக்குக்குப் பின்னால் மங்கலாகத் தெரிந்த கட்டையைப் பார்த்தார். ஜன்னல் போனால் அம்மாவும் போய்விடுவாள் என்கிற நினைப்பு மட்டும் போகவில்லை. டாக்டரம்மாவே கொஞ்சமாகத்தானே இருக்கிறது என்றார், பிளாஸ்டிக் போட்டு மூடிவிட்டால் போதாதா, அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று மனசு நொண்டிச் சாக்குத் தேடியது.

அப்போதுதான் அவருக்கு அக்கா ஞாபகம் வந்தது.

அட! அக்கா இருக்கிறாளே! அவரைவிட ஏழு வயசு மூத்தவள். இரண்டு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கிறாள். அப்பா வீடு என்றால் உயிரை விடுவாள். மனைவிக்கும் அண்ணி பேச்சுக்கு மறுபேச்சுக் கிடையாது. அக்கா வந்து, 'அப்பா அடிச்ச பெயிண்டு, தொடாதே' என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அவர் உடனே போன் போட்டார்.

"அக்கா, அப்பா ஜன்னலைக் கழட்டப் போறா இவ!"

ஏன், எதற்கு என்று அக்கா கேட்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை வரேன்டா" என்றாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அவர் நடையே மாறிவிட்டது. சீட்டியடித்துக்கொண்டு தரை துடைத்தார். "ஞாயித்துக்கிழமை அக்கா வரா" என்று மனைவியிடம் சாதாரணமாகச் சொல்வதுபோல் சொன்னார். "அப்படியா? சந்தோஷம்" என்றாள் அவள். பாவம், வரப்போவது தெரியாமல் இருக்கிறாளே என்று அவளுக்காகப் பரிதாபப்பட்டார்.

அக்கா வந்தாள். காபி குடித்தாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாள். எதற்கோ சிரித்தபோது வழக்கம்போல வாயைக் கையால் மூடிக்கொண்டாள். சின்ன வயசிலிருந்தே அக்கா அப்படித்தான். பள்ளிக்கூடப் படியில் விழுந்து முன்பல்லின் ஓரம் உடைந்ததிலிருந்து, அவள் சிரித்து யாரும் முழுசாகப் பார்த்ததில்லை.

அவர் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"கனிவான கவனத்திற்கு! இந்த ஜன்னல் நம்ம அப்பா கையால் பெயிண்ட் அடித்தது. ஒன்றரை வயதில் நான் கடித்தது. நாற்பது வருஷமாக நான் நன்றாகத்தான் இருக்கிறேன். ஆகவே..."

"ஒரு நிமிஷம்" என்று மனைவி உள்ளே போய் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டு வந்தாள். அதற்குள் இரண்டு வெள்ளை மாவு அச்சு. இரண்டையும் மேஜைமேல் வைத்தாள்.

"இது ஜன்னல் கட்டையில இருந்த தடம். அன்னைக்கு மூடறதுக்கு முன்னாடி எடுத்தேன். இது ஒரு ஆளோட பல்லு. பாருங்க."

பார்த்தார். நாலு பல். நடுவிலே இரண்டு பெரிய பல். இடது பல்லின் ஓரம் சாய்வாக உடைந்திருந்தது. இன்னொரு அச்சிலும் அதே நாலு. அதே சாய்வு. ஒன்றின்மேல் ஒன்றை வைத்தாள். கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது.

"இது பால் பல்லே இல்லைங்க" என்றாள். "பால் பல்லு பொடிசா இருக்கும். இது விழுந்து முளைச்ச பல்லு. எட்டு வயசாவது ஆகியிருக்கணும். ஒன்றரை வயசுல உங்களுக்கு இவ்வளவு பெரிய பல்லு எங்கேர்ந்து வந்துது?"

"அப்ப இது யாரு பல்லு?"

அக்கா வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"என்னுதுடா."

அவர் உட்கார்ந்துவிட்டார்.

"மூணாங்கிளாஸ்" என்றாள் அக்கா. "எனக்கு வாய்ப்பாடு நிக்காது. எழுத்தெல்லாம் மறந்து போகும். அப்பா என்னை அந்த ஜன்னல்ல உக்கார வச்சிடுவாங்க. ஒப்பிக்கிற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. பயத்துல கட்டையைக் கடிப்பேன். சுரண்டிச் சுரண்டி வாயில போட்டுப்பேன். இனிப்பா இருக்கும்டா அந்தப் பெயிண்டு. ஒரு நாள் அம்மா பாத்துட்டு, 'யாரு கடிச்சது?'ன்னாங்க. நீ பக்கத்துல விளையாடிட்டிருந்தே. உன்னைக் காட்டிட்டேன். உனக்கு முத்தம் கிடைச்சுது. என் பேரைச் சொல்லியிருந்தா முதுகு பழுத்திருக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கை தானாக வாய்க்குப் போனது.

"வயித்து வலிம்பேன், நடிக்கறாம்பாங்க. படிப்பு ஏறலே, மந்தம்பாங்க. ஏழாவதோட நிறுத்திட்டாங்க. அந்தப் பெயிண்டாலதானான்னு எனக்குத் தெரியாது. இப்ப யாராலயும் சொல்ல முடியாது. அப்பாவுக்கும் தெரியாது பாவம், ஆசையாத்தான் அடிச்சாரு. ஆனா 'எனக்கு என்ன ஆச்சு'ன்னு நீ கேக்காதே. நீ கடிக்கலே. கேக்கறதா இருந்தா என்னைக் கேளு."

அவர் அழுதுவிட்டார். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது. அக்காவுக்காகவும்தான், அவளுக்குக் கிடைக்காமல் போன முத்தத்துக்காகவும்தான். நாற்பது வருஷமாக மந்தம் என்று தானும் அவளைக் கேலி பண்ணியிருக்கிறோமே என்பதற்காகவும்தான்.

"டேய், நீ என்ன பண்ணுவே தெரியுமா அந்த ஜன்னல்ல?" அக்கா அவர் தலையைத் தடவினாள். "நாலு வயசுல கம்பியைப் பிடிச்சுட்டு நிப்பே. 'தபால்காரர் வருகிறார்! பால்காரர் போகிறார்!'னு கத்துவே. 'அப்பா சைக்கிள் வருகிறது!'ன்னு நீ கத்தினதும் நான் புத்தகத்தைத் திறந்து வச்சுப்பேன். எத்தனை அடியிலேர்ந்து என்னைக் காப்பாத்தியிருக்கே! உன் உத்தியோகமே அங்கதான்டா ஆரம்பிச்சுது. அதுக்குக் கட்டை வேணுமா?"

குழந்தை அக்கா மடியிலிருந்து இறங்கி வந்து, அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஒரு கடி கடித்தது. நாலு பொடிப் பல். மனைவி சொன்னது சரிதான், எவ்வளவு சின்னத் தடம்!

அவர் எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கனிவான கவனத்திற்கு" என்றார். குரல் உடைந்திருந்தது. "தெருப்பக்க ஜன்னல்... தனது சேவையை... இத்துடன் நிறுத்திக்கொள்கிறது."

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்குப் பெயிண்டர் வரார்" என்றாள் மனைவி. "புது ஜன்னல் தயாரா இருக்கு. நாம மூணு நாள் அண்ணி வீட்டுல இருக்கப் போறோம். பெட்டி கட்டியாச்சு."

எல்லாம் பெயிண்டர் சொன்ன முறைப்படியே நடந்தது. அவர்கள் திரும்பி வந்தபோது புது ஜன்னல் வெள்ளையாக நின்றது. பெயிண்ட் டப்பாவில் ஈயம் இல்லை என்று எழுதியிருந்ததைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று தடவை படித்தார். தேடாமலே கண்ணாடி கிடைத்தது அதுவே முதல் தடவை. அப்புறம் தினமும் தரைக்கு ஈரத்துடைப்பு, செருப்பு வாசலோடு, சாப்பாட்டுக்கு முன்னால் குழந்தைக்குக் கைகழுவல். எல்லாமே இவர் டிபார்ட்மெண்ட்தான். "கை கழுவும் குழாய்க்கு மகள் வந்துகொண்டிருக்கிறாள்" என்று அறிவித்துக்கொண்டே தூக்கிக்கொண்டு போவார்.

மூன்று மாசம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துச் சிரித்தார். "நல்லா இறங்கியிருக்கு. இதே மாதிரி பாத்துக்குங்க. இன்னும் இறங்கும்."

அன்றைக்குச் சாயந்தரம் அவருக்குத் தலைகால் புரியவில்லை. புது ஜன்னலில் மகள் நின்றுகொண்டு, தெருவில் போகிற எல்லாரையும் பார்த்து "ஆ! ஆ!" என்று கத்திக்கொண்டிருந்தாள். அக்கா போன் பண்ணினாள், முன்பல்லுக்குப் புது உறை போட்டாயிற்றாம், கண்ணாடி முன்னால் நின்று சிரித்துச் சிரித்து வாய் வலிக்கிறதாம். அலமாரியில் அந்த இரண்டு மாவு அச்சும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். அப்பா, அம்மா, அக்கா, லீவு எல்லாம் அந்த வெள்ளை மாவிலேயும் இருந்தது. வீட்டில் விஷம் மட்டும்தான் இல்லை.

"என்ன இருந்தாலும்" என்றார் மனைவியிடம், மெல்ல மீசையைத் தடவிக்கொண்டு, "அக்காவைக் கூப்பிட்டது யாரு? நான். என் யோசனை. நான் மட்டும் போன் போடலேன்னா இந்த விஷயம் முடிஞ்சிருக்குமா?"

"முடிஞ்சிருக்காதுங்க" என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதும் அவருக்கு உறுத்தியது. கையில் இருந்த அச்சைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"ஆமா... அக்கா ஞாயித்துக்கிழமை காலையிலதானே வந்தா? வந்து காபி குடிச்சா. நீ உள்ள போனே, பெட்டியைக் கொண்டு வந்தே. இந்த மாவு காயறதுக்கே ஒரு நாள் ஆகும்னு நீதானே சொல்வே? அக்கா பல்லை எப்ப அச்சு எடுத்தே?"

"செவ்வாய்க்கிழமை."

"எந்தச் செவ்வாய்?"

"டாக்டரைப் பாத்த மறுநாள். நீங்க உப்புத்தாள் தேடறதுக்கு முன்னாடி. எப்படியும் கடைசியில அண்ணியைத்தான் கூப்பிடுவீங்கன்னு தெரியும். அதான் 'சரி'ன்னு சொன்ன கையோட நானே போன் பண்ணி வரச் சொல்லிட்டேன். அந்தத் தடம் அண்ணி பல்லுதான்னு கல்யாணமான முதல் வாரமே எனக்குத் தெரியும். சொல்ல வேண்டாம்னு அண்ணி கேட்டுக்கிட்டாங்க, பன்னிரண்டு வருஷமா வாயைத் திறக்கலே. இப்பவும் அவங்க சரின்னு சொன்னப்புறம்தான் பெட்டியைத் திறந்தேன்."

"செவ்வாய்க்கிழமை அக்கா இந்த ஊருக்கு வந்தாளா? ரயில்லயா? நான் ஸ்டேஷன்லயே இருந்தேனே! எனக்குத் தெரியாம எப்படி வர முடியும்?"

மனைவி கடைசித் துண்டை மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

"உங்க அறிவிப்பை நான் காதுலயே போட்டுக்கறதில்லேன்னு குறைப்படுவீங்களே, அன்னைக்குப் போட்டுக்கிட்டேன். 'மூணாவது பிளாட்பாரம்'னு சொன்னீங்க. போய் நின்னேன். அண்ணி இறங்கினாங்க."